பழனி மலையில் கொல்லைத் தோட்டமும் வீட்டுத் தன்னிறைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல், பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று மலையில் எங்கே இருந்தாலும், வீட்டுக்குப் பின்னால் ஐந்து பத்து சென்ட் நிலம் உள்ளவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சமவெளிக்கென்று சொல்லப்படும் வீட்டுத்தோட்டக் குறிப்புகள் நமக்குப் பாதிதான் பொருந்தும். சரிவு, குளிர், அமில மண், காட்டுமாடு ஆகிய நான்கையும் கணக்கில் எடுக்காத யோசனை இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

ஐந்து சென்ட்டில் ஒரு குடும்பம் சந்தைக்கே போகாமல் சாப்பிட முடியுமா?

முடியாது. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 30 கிலோ அரிசி என்றாலே ஆண்டுக்கு 360 கிலோ ஆகிறது. அரிசி, எண்ணெய், துவரம்பருப்பு, உப்பு, சர்க்கரை ஆகியவற்றை ரேஷன் கடைக்கும் வத்தலக்குண்டுக்கும் விட்டுவிடுங்கள். இதில் மனம் தளர ஒன்றுமில்லை. கீரை, பீன்ஸ், சௌசௌ, பூண்டு, கொத்தமல்லி, முட்டை, பருவத்துக்கு ஏற்ற பழம் ஆகியவற்றில் ஐந்து சென்ட் நிலம் ஒரு வீட்டைத் தாராளமாகத் தாங்கும்.

உங்கள் அடுப்படியில் ஒரு மாதம் எது எவ்வளவு செலவாகிறது என்று எழுதிப் பாருங்கள். பாத்திகளை அந்தக் கணக்குப்படி பிரியுங்கள். வீட்டில் யாரும் விரும்பாத புரோக்கோலியைப் பத்து வரிசை நட்டுவிட்டு, தினமும் வேண்டிய கொத்தமல்லியைக் கடையில் வாங்கும் வீடுகளை இங்கே நிறையப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டு உயரத்துக்கு என்ன விளையும்?

பழனி மலை ஒரே தோட்டம் இல்லை. சுமார் 1,000 முதல் 1,500 மீட்டர் வரையிலான கீழ்மலையில், அதாவது தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி பக்கம், காபியும் மிளகும் வளரும் இடமெல்லாம் வாழை, ஆரஞ்சு, எலுமிச்சை, பட்டர் புரூட் (அவகாடோ), பலா, அவரை, மொச்சை, சேம்பு, சௌசௌ எல்லாம் வரும். கொடைக்கானல், வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று 2,000 மீட்டரை ஒட்டிய மேல்மலையில் பூண்டு, உருளை, கேரட், முட்டைக்கோஸ், பட்டாணி, பட்டர் பீன்ஸ், பாலக், வெந்தயக்கீரை. பழத்துக்கு பேரி, பிளம்ஸ், பீச்.

மேல்மலையில் முருங்கைக்கும் தென்னைக்கும் ஆசைப்பட வேண்டாம். குளிரில் முருங்கை உயிரோடு நிற்கலாம், ஆனால் காய்க்காது.

தோட்டம் போட முதலில் எதைச் செய்ய வேண்டும்?

விதை வாங்கும் முன் ஒரு நல்ல மழையின்போது குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வேகம் எடுக்கிறது, எந்த மூலையில் செம்மண் நிறத்தில் வெளியேறுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அக்டோபர், நவம்பர் மழையில் மேல்மண் போய்விட்டால் அந்த ஆண்டு போட்ட எருவும் அதோடு போய்விடும்.

பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமையுங்கள். மேலிருந்து கீழாக ஒருபோதும் வேண்டாம். படிக்கட்டாக வெட்டும்போது ஒவ்வொரு படியும் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். அந்த உள்விளிம்பில் ஒரு சிறு வாய்க்கால் ஓடி, தண்ணீரைப் பக்கவாட்டில் புல் வளர்ந்த இடத்துக்கோ கல் பதித்த ஓடைக்கோ கொண்டுபோக வேண்டும். கல்லடுக்குச் சுவரை சிமெண்டால் முழுக்கப் பூசி அடைக்காதீர்கள். பின்னால் சேரும் தண்ணீருக்கு வழி இல்லையென்றால் சுவர் வயிறு தள்ளி ஒருநாள் சரிந்துவிடும். வரப்பு ஓரத்தில் வெட்டிவேர், எலுமிச்சைப்புல், கால்நடை இருந்தால் நேப்பியர் புல் நட்டால் மண் பிடிபடும்.

பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைச் சாலையிலிருந்து பார்த்துப் படம் எடுப்பவர்கள் ஒரு முறை இறங்கி நடந்து, வாய்க்கால்கள் எப்படி ஒன்றோடொன்று சேர்கின்றன என்று பார்க்கட்டும். இதைவிட நல்ல பாடம் வேறு கிடையாது.

சாணம் போட்டும் செடி மஞ்சளாகவே நிற்கிறதே?

பெரும்பாலும் மண்ணின் அமிலத்தன்மைதான் காரணம். மழை அதிகமுள்ள மலையில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்து போய்விடுகின்றன. கார அமில நிலை (pH) 5-க்குப் பக்கத்தில் இறங்கும்போது, எரு இருந்தாலும் மணிச்சத்தை வேர் எடுக்க முடியாது. மண் பரிசோதனை செய்துவிட்டு டோலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பு இடுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் தொடங்கி, நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். எருவோடு ஒரே நாளில் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

விறகு அடுப்புச் சாம்பலும் இதே வேலையைச் செய்யும், சாம்பல் சத்தும் தரும். பூண்டுக்கும் பீன்ஸுக்கும் தூவலாம். உருளைப் பாத்தியில் மட்டும் வேண்டாம். அமிலம் குறைந்தால் கிழங்கில் சொறி நோய் கூடுகிறது.

இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் தண்ணீர் சேமிக்க வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். பிப்ரவரியில் குழாயடியில் நிற்கும் குடங்களைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். கொடைக்கானலில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மி.மீ. மழை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடித் தகரக் கூரை என்பது 56 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்கை வீணாகக் கழித்தாலும் ஆண்டுக்கு 70,000 லிட்டர் கிடைக்கும். அத்தனையையும் தேக்க யாராலும் முடியாது. ஒரு சென்ட் பாத்திக்குக் கோடையில் நாளுக்கு 150 லிட்டர் போதும் என்பதால், 5,000 லிட்டர் தொட்டி ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். பாத்தியை வைக்கோலாலோ காய்ந்த புல்லாலோ மூடிவைத்தால் இன்னும் நீளும்.

தொட்டியைத் தோட்டத்துக்கு மேற்படியில் வையுங்கள். பத்து மீட்டர் இறக்கம் கிடைத்தால் சொட்டுநீர்க் குழாய்க்கு வேண்டிய அழுத்தம் மோட்டார் இல்லாமலே வந்துவிடும். சரிவு நமக்குத் தரும் வசதி இது; சமவெளிக்காரர்கள் இதற்கு மின்கட்டணம் கட்டுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியைத் தடுப்புச் சுவருக்கு மேலேயோ, வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டியோ வெட்ட வேண்டாம். சரிவில் ஊறும் தண்ணீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்தும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெருமழையோடு வந்த நிலச்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. நம் மலையும் அதே குணம் கொண்டதுதான்.

பூண்டு போடலாமா? அது பெரிய விவசாயிகள் செய்வதல்லவா?

ஒரு வீட்டுக்கு நான் முதலில் சொல்லும் பயிரே பூண்டுதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் குளிரும் மண்ணும் அதற்குத் தரும் காரமும் மணமும் வேறெங்கும் வருவதில்லை. மாதம் ஒரு கிலோ செலவாகும் வீட்டுக்கு ஆண்டுக்கு 12 கிலோ. அதற்கு அரை சென்ட் போதும். விதைப்பூண்டு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட வேண்டும்.

விதையை மேல்மலை விவசாயிகளிடமே வாங்குங்கள். கடையில் சமையலுக்கு வாங்கிய பூண்டை ஊன்ற வேண்டாம். வடக்கே குளிர் மலைகளில் விளையும் ரகங்களுக்கு நீண்ட பகல் வேண்டும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் அது கிடைக்காது, இலை மட்டும் செழித்துப் பல் கட்டாமல் நிற்கும்.

முழுப்பூண்டை நடவுக்கு முதல்நாள் மட்டுமே உடையுங்கள். வெளிச்சுற்றிலுள்ள பெரிய பற்களை விதைக்கும் உள்ளே ஒடுங்கிய சிறிய பற்களை ரசத்துக்கும் பிரியுங்கள். மேல்தோல் உரியாமல் இருக்க வேண்டும். வரிசைக்கு வரிசை 15 செ.மீ., பல்லுக்குப் பல் 10 செ.மீ. இடைவெளியில், கூர்முனை மேலே பார்க்க, விரல் கணு இரண்டு மறையும் ஆழத்தில் ஊன்றுங்கள். பூண்டுக்குக் களை பெரிய எதிரி. அதன் ஒல்லி இலையால் நிலத்தை மூட முடியாது. முதல் இரண்டு மாதம் கையால் களை எடுத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

நான்கு மாதம் கடந்து இலை நுனி மஞ்சளாகித் தண்டு துவளும்போது தண்ணீரை நிறுத்துங்கள். பிடுங்கி, மண்ணை உதறி (கழுவக் கூடாது), நிழலில் பரப்புங்கள். கழுத்தை இரு விரலால் நசுக்கினால் ஈரம் கசியாமல், வெளித்தோல் சரசரவென்று சத்தம் கொடுக்க வேண்டும். அதன்பின் தாளோடு கட்டுக் கட்டி, விறகு அடுப்புக்கு மேல் மூங்கில் கழியில் தொங்கவிடுங்கள். பூம்பாறை, மன்னவனூர் வீடுகளில் இப்படிப் புகை ஏற்றிய பூண்டு அடுத்த நடவு வரை முளைக்காமல் நிற்கிறது. விறகு அடுப்பு இல்லாத வீட்டில் காற்றோடும் தாழ்வாரம் போதும். சமையலுக்கு ஆகும், விதைக்கு அவ்வளவு நாள் தாங்காது.

உருளைக்கிழங்கு?

நல்ல வயலில் ஒரு சென்ட் 60 முதல் 80 கிலோ தரும்; கொல்லையில் பாதி கிடைத்தால் திருப்தியடையுங்கள். சிக்கல் விதையில் இருக்கிறது. வேரில் குண்டூசித் தலை அளவில் மஞ்சள் மணிகளாக ஒட்டும் முட்டைக்கூட்டு நூற்புழு, இந்தியாவில் முதலில் 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது. அதன் கூடுகள் மண்ணில் பல ஆண்டு உயிரோடு இருக்கும். விதைக்கிழங்கு, ஓசி நாற்று, பக்கத்து வயல் மண்வெட்டி எதன் வழியாகவும் வரலாம். குஃப்ரி சுவர்ணா போன்ற எதிர்ப்பு ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பாத்தியில் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் உருளை; இடையில் பூண்டு, பீன்ஸ், கேரட் என்று மாற்றுங்கள்.

அதிகம் பாடுபடாமல் காய் தருவது எது?

சௌசௌ. முளைத்த காயை முழுதாகவே, மண்ணில் பாதி புதையும்படி சாய்த்து வைத்தால் போதும். வலுவான பந்தல் அவசியம், காய்க்கும்போது பாரம் அதிகம். இரண்டு கொடி ஒரு குடும்பத்துக்கு மிஞ்சும். கொழுந்தைக் கீரையாகவும் பொரிக்கலாம். பந்தல் நிழலில் புதினாவும் கொத்தமல்லியும் கோடையைத் தாண்டும்.

பழமரம் எங்கே வாங்குவது?

கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன, அங்கிருந்து தொடங்குங்கள். டி.கே.டி. 1 என்ற பட்டர் புரூட் ரகமே தடியன்குடிசையில் உருவானதுதான்.

வாழைக் கன்றில் மட்டும் இரக்கம் பார்க்காதீர்கள். ஒரு காலத்தில் கீழ்ப்பழனி மலையில் 18,000 ஹெக்டேர் அளவில் இருந்த விருப்பாட்சி மலைவாழை, முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கியது. அசுவினி பரப்பும் வைரஸ் அது. நோயுள்ள தாயின் கன்றோடு கூடவே வரும். பஞ்சாமிர்தத்துக்கு உயிரான பழத்தை இப்படி இழந்தோம். நோயற்ற திசு வளர்ப்புக் கன்று கொஞ்சம் விலை கூடுதலானாலும் அதையே நடுங்கள். குருத்து இலைகள் குறுகி, நெருங்கி, நிமிர்ந்து கொத்தாக நின்றால் யோசிக்காமல் வேரோடு எடுத்து அழியுங்கள். யானை வரும் பகுதியில் வீட்டை ஒட்டி வாழையும் பலாவும் வேண்டாம்.

கோழி வளர்க்கக் குளிர் தடையா?

வளர்ந்த கோழிக்குத் தடையில்லை. ஈரமும் காற்றுவீச்சும்தான் கெடுதல். குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். சமவெளியில் மூன்று வாரத்தில் விளக்கை எடுப்பார்கள். இங்கே ஐந்து ஆறு வாரம் வைத்திருங்கள். அடைக்கோழி கிடைத்தால் அதுவே விளக்கைவிட மேல்.

சிறுவிடை என்ற நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். ஆறு கோழி இருந்தால் சராசரியாக நாளுக்கு ஒரு முட்டை. வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும் எட்டாம் வாரம் ஊசியும் தவறக் கூடாது. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கூண்டுக்குக் கோழிவலை போதாது. மரநாய் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலப் பற்றவைத்த கம்பி வலை, அடிப்பக்கமும் சேர்த்து. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடத்தில் இரவுக் கூண்டு வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கட்டும்.

மாடு, ஆடு, முயல்?

ஒரு கறவை மாட்டுக்கு நாளுக்கு 25, 30 கிலோ பசுந்தீவனம் வேண்டும். ஐந்து சென்ட்டில் அதற்கு இடமில்லை. பாலைப் பக்கத்து வீட்டில் வாங்கி, சாணத்தையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். வெள்ளாட்டுக்கு நம் மழை ஆகாது. முயல் குளிரை விரும்பும். மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, முயல் ஆராய்ச்சி மையம் இருப்பதே அதற்குச் சான்று. அதன் புழுக்கை அருமையான உரம்.

தேனீப் பெட்டி?

கீழ்மலைக் காபித் தோட்டத்துப் பக்கம் என்றால் தாராளமாக. நம் மண்ணின் அடுக்குத் தேனீக்கு நியூட்டன் பெட்டி சரியான அளவு. ஆண்டுக்குச் சில கிலோ தேன்தான் கிடைக்கும், ஆனால் பீன்ஸும் ஆரஞ்சும் காய்க்கும் விதத்தில் வித்தியாசம் தெரியும். பெட்டிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், எறும்புக்கு. தொடர்மழையில் சர்க்கரைப் பாகு கொடுங்கள். 1990-களின் தொடக்கத்தில் வந்த தாய்லாந்து பை நோய் தென்னிந்தியாவின் பெரும்பாலான கூட்டங்களை அழித்தது. புழுக்கள் பை போல ஊதிச் செத்துக் கிடந்தால் அந்த அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள்.

காட்டுமாடு வந்தால் என்ன செய்வது?

முதலில், பக்கத்தில் போகாதீர்கள். டார்ச் அடித்துக் கத்திக்கொண்டு துரத்துவதில்தான் விபத்துகள் நடக்கின்றன. மிரண்ட காட்டுமாடு ஓட வழி இல்லையென்றால் முட்டும். அது போவதற்குக் கொல்லையில் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். கதவைச் சாத்தி அடைத்துவிடுவது ஆபத்து.

வருவதைக் குறைப்பதற்கு வழிகள் உண்டு. முட்டைக்கோஸ், கேரட், பட்டாணியை வீட்டை ஒட்டிய உள்பாத்திகளில் வையுங்கள். எல்லை ஓரத்தில் பூண்டு, எலுமிச்சைப்புல், இஞ்சி, மஞ்சள். இவற்றை அது மேய விரும்பாது. மிதிபடுவதைத் தடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உதிர்ந்த பேரிக்காயைத் தினமும் பொறுக்குங்கள். சமையல் கழிவைத் திறந்த குழியில் கொட்டினால் காட்டுப்பன்றியை நாமே விருந்துக்கு அழைத்ததாகும்.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது கொலைக்குச் சமம், குற்றமும்கூட. சூரிய மின்வேலிக்கும் 2023-ல் தமிழக அரசு விதிகள் வகுத்திருக்கிறது. வனத்துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகே போடுங்கள்.

கம்போஸ்ட் மக்கவே மாட்டேன் என்கிறது. சாண எரிவாயு சரிப்படுமா?

குவியல் சிறியதாக இருந்தால் சூடு தங்காது. மூன்று அடிக்கு மூன்று அடி, உயரமும் மூன்று அடி. அதற்குக் குறைந்தால் மேல்மலையில் ஆறு மாதம் கழித்தும் தோல் தோலாகவே கிடக்கும். மேலே தகரம் போட்டு மழையைத் தடுங்கள். பச்சைக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை இரண்டு பங்கு. பைன் மரத்து ஊசி இலையும் யூகலிப்டஸ் இலையும் மக்க மிகவும் தாமதமாகும். அவற்றைப் பாதைக்கு மூடாக்காகப் போடுங்கள்.

சாண எரிவாயு 35 டிகிரி அளவில் நன்றாக வேலை செய்யும். 15 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். மேல்மலை வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

உறைபனியிலிருந்து செடியைக் காப்பது எப்படி?

குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் ஜனவரியில் ஏரிக்கரையும் தாழ்ந்த புல்வெளியும் வெளுக்கும்போது, அதே ஊரில் சரிவின் நடுவிலுள்ள கொல்லை தப்பிவிடும். பீன்ஸையும் தக்காளியையும் மேற்படியில் வையுங்கள். வானம் தெளிந்து காற்று நின்ற மாலையில் சாக்காலோ வைக்கோலாலோ மூடி, வெயில் வந்தபின் எடுங்கள்.

விதையை நாமே எடுக்கலாமா?

பீன்ஸ், பட்டாணி, மொச்சை, வெந்தயம், கொத்தமல்லி, பூண்டு ஆகியவற்றில் தாராளமாக எடுக்கலாம். முதலில் காய்க்கும் நல்ல கொடியைச் சாப்பிடாமல் விதைக்கு ஒதுக்குங்கள். கடைசியில் மிஞ்சியதை விதையாக்கும் பழக்கம் கொடியை ஆண்டுக்காண்டு மெலிய வைக்கும். கேரட்டும் முட்டைக்கோஸும் இரண்டாம் பருவத்தில்தான் பூக்கும், அக்கம்பக்கத்துப் பயிரோடு கலந்தும்விடும். அவற்றுக்குக் கடை விதையே நல்லது.

சேமித்து வைப்பதற்கு வெயிலே இல்லையே?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கிடைக்கும் வெயிலை விடாதீர்கள். மொச்சை, பட்டர் பீன்ஸ், மிளகு, வற்றல் எல்லாம் அதற்குள். மே, ஜூனில் பிளம்ஸ் குவியும்போது ஊறுகாயும் ஜாமும் போடலாம். புளிப்பு அதிகமுள்ள பழம் என்பதால் கெடுவது குறைவு.

சொந்த நிலத்து மரத்தை வெட்டலாமா? போர்வெல் போடலாமா?

இரண்டுக்கும் முன் அனுமதி வேண்டும். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் கொடைக்கானலுக்கும் பொருந்தும். பாத்திக்கு நிழல் விழுகிறது என்றால் கிளை கழிப்பதைப் பற்றி முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். பல நேரம் அந்த மரத்தின் வேர்தான் உங்கள் மேற்படியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். எவ்வளவு நேரம் பிடிக்கும்?

முதல் ஆண்டு ஒரே ஒரு சென்ட்டோடு நிறுத்திக்கொண்டால் காலையில் அரை மணி நேரமும் ஞாயிறு சந்தைக்குப் போய்வந்த பிறகு ஒரு பிற்பகலும் போதும். அரை சென்ட் பூண்டு, மீதியில் கீரையும் கொத்தமல்லியும், ஓரத்தில் ஒரு சௌசௌ. கோழி இரண்டாம் ஆண்டு. தேனீ அதற்கும் பிறகு. நாள்கணக்கில் ஊருக்குப் போக நேர்ந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடமோ அண்ணனிடமோ சாவியைக் கொடுத்துச் செல்லுங்கள். அந்த நாள்களின் முட்டையும் கீரையும் அவர்களுக்கு.